காப்பியும் உபதேசமும்

ஜோசப் கான்ராட், 1884இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட ‘நார்சிஸஸ்’ பாய்மரக் கப்பலில் பணிபுரிந்தவர். அவ்வனுபவத்தைக் கொண்டு அவர் எழுதி 1897இல் வெளிவந்த நாவலில் நம் சிந்தையைக் கவர்பவர், கப்பற் சமையற்காரர் பாட்மோர்.

நன்னம்பிக்கை முனையருகே புயலில் கப்பல் ஒருக்களித்துச் சாய்கிறது. மாலுமிகள் குளிரில் விறைத்துக் கிடக்கின்றனர். வெள்ளம் புகுந்த அடுப்பறைக்குள் தவழ்ந்து சென்ற பாட்மோர், அனைவரும் வியக்கச் சூடான காப்பி தயாரித்துவிடுகிறார்! பின்னர் அதே மனிதர், நோயாளி ஜேம்ஸ் வெய்ட்டின் அறையுள் புகுந்து, நரகத்தைக் கூறி அவரை நடுங்கவைக்கிறார். கப்பல் தலைவரே வந்து அவரை வெளியேற்ற நேர்கிறது.

ஆசிரியர் பக்தியையே எள்ளுகிறார் எனச் சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அடுப்பறைக்கு அவரை அனுப்பியதும் அந்த நம்பிக்கைதானே! தன்னை மறந்தபோது அது காப்பியாயிற்று. தன்னை மெச்சியபோது அச்சுறுத்தலாயிற்று. எனினும், அப்பேருதவிக்குப் பின்னரும் ஆசிரியர் அவரை ஏளனத்துடன் நோக்குவது நமக்கு உவப்பாயில்லை. காப்பியின் கடன் அவ்வளவு எளிதில் தீருமா?

ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மை இந்நாவல் சுடவே செய்கிறது. துன்புற்றவர்முன் வாய் திறக்குமுன், கையில் என்ன கொண்டுவந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.