பளபளப்பு போதாது

கழற்றிப்போட்ட இன்ஜினில் காய்ந்து இறுகிய பழைய பேக்கிங்கை எடுப்பது நம் பட்டறைகளில் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையனின் வேலை. கையில் கிடைப்பது உடைந்த ஆக்ஸா பிளேடு, இல்லையென்றால் உப்புத்தாள். இந்தப் பழக்கத்தை அடியோடு தள்ள மாட்டேன். வார்ப்பிரும்பு பிளாக்கில் பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினால் பேக்கிங் சுருள் சுருளாக உரிந்து வரும். இரும்பு தாங்கும், செலவும் இல்லை.

அலுமினியம் தாங்காது. பைக்கின் கிளட்ச் கவரில் பிளேடு மூலை ஒருமுறை குத்தினால் போதும், விளிம்புக்குக் குறுக்கே கோடு விழுந்துவிடும். கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தை ஓட்டினால் தட்டும். புது பேக்கிங் போட்ட நாலாம் நாள் அங்கேதான் ஆயில் கசியும். அதற்குப் பயந்து அனபாண்ட் பசையை அள்ளி அப்பினால், உள்ளே பிதுங்கியது பிய்ந்துபோய் ஆயில் சல்லடையில் அடைக்கும்.

உப்புத்தாளும், டிரில்லில் மாட்டித் தேய்க்கும் வட்டும் இதைவிடக் கெடுதல் என்பேன். மேற்பரப்பு மின்னும்போது வேலை சுத்தம் என்று தோன்றும். ஆனால் விரல் அழுத்திய இடமெல்லாம் பள்ளம். சிலிண்டர் ஹெட் வளைவுக்குப் பல பைக் மேனுவல்கள் தரும் எல்லையே 0.05 மி.மீ.தான். போதாததற்கு, தாளிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயிலோடு கிராங்க் பேரிங்குக்குப் போய், மெத்தென்ற உலோகத்தில் பதிந்து ஷாஃப்டை அரைக்கும். இந்த வட்டுகளைத் தொடாதீர்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்குத் தனிச் சுற்றறிக்கையே அனுப்பியது.

எனக்கு அதிகக் கவலை அந்தப் பையனைப் பற்றித்தான். பழைய வண்டிகளின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வறட்டுத் தேய்ப்பில் பறக்கும் தூசு அவன் நெஞ்சுக்குள் போகிறது. நனைத்துச் சுரண்டினால் தூசு அடங்கும். பெயின்ட் ரிமூவர் தடவிக் காத்திருந்தால் பேக்கிங் இளகி, பிளாஸ்டிக் சுரண்டிக்கே வந்துவிடும். ஆனால் அது தோலைச் சுடும், பக்கத்துப் பெயின்ட்டையும் தின்னும். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைப் பையனிடம் கொடுக்கக் கூடாது. நேரமும் ஆகும், மாலைக்குள் வண்டி வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்கும்போது அந்த அரைமணி நேரத்தை யாரும் கொடுப்பதில்லை.

சுரண்டும் முன் ஆயில் துளைகளில் பனியன் துணியைத் திணிக்கும் வழக்கம் மட்டும் பல பட்டறைகளில் சரியாக இருக்கிறது. போல்ட் துளைகளைத்தான் மறந்துவிடுகிறார்கள். அடி மூடிய துளையில் ஆயில் தேங்கியிருக்க ஹெட் போல்ட்டை முறுக்கினால், ரெஞ்ச் சரியான இறுக்கம் காட்டும், போல்ட் இறுகியிருக்காது. இன்னும் முறுக்கினால் பிளாக் விரிசல் விடும்.