வாய்தா

எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டல் பிரிவுக்குச் சில ஆண்டுகளாக நான் பொறுப்பாசிரியர். ஆண்டுதோறும் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார். கூட்டம் முடிந்ததும் மாணவிகள் ஒரு படிவத்தை நிரப்பி, பெற்றோர் கையெழுத்துடன் திருப்பித் தர வேண்டும். அதில் கடைசிக் கேள்வி: ‘ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?’ கணிதம் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, ஐந்து பருவங்களிலும் துறையில் முதலிடம் பெற்றவள், ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, மதிப்பீட்டுக்கான கட்டத்தில், ‘இலக்குத் தெளிவு இல்லை, தன்னம்பிக்கை குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒரு வாரம் கழித்து, ‘ஏம்மா, இப்படி எழுதியிருந்தே?’ என்று அவளைக் கேட்டேன். ‘மேடம், ஜாம் தேர்வுக்குப் பணம் கட்டிட்டேன். ஐஐடியில எம்.எஸ்சி. கிடைச்சா அப்புறம் வீட்ல பேசிக்கலாம்னு இருக்கேன். அந்தத் தாள்ல எழுதினா அப்பா கையெழுத்துப் போடும்போது படிச்சிருவார்ல?’ என்றாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயிலிருந்துதான் கட்டணத்தைக் கட்டியிருந்தாள். அந்தப் படிவத்தை நிரப்பிய முந்நூற்றுச் சொச்சம் பேரில் இவள் அளவுக்குத் தெளிவான இலக்கு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் எழுதிய குறிப்பு தவறு என்பதோடு விஷயம் முடியவில்லை. அப்படி எழுதும்படி எனக்குக் கற்றுக்கொடுத்த வாசிப்பைத்தான் இங்கே விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

தொழில் வழிகாட்டி நூல்களையும் தேர்வு முடிவு மாதங்களில் வரும் நாளிதழ் இணைப்புகளையும் ஓர் எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு நாயகன் உண்டு. அவனுக்கு வறுமை உண்டு, கல்விக் கடன் உண்டு, ஆங்கிலம் வராத தயக்கம் உண்டு. அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்ற கேள்வி மட்டும் எங்கும் வராது. (2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம் மாணவிகளுக்கும் உரியதுதான், பெயர் ‘நான் முதல்வன்’. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த உதவித்தொகைக்குப் ‘புதுமைப்பெண்’ என்று பெயர். அவன் முதல்வன், இவள் புதியவள்.)

ஆர்வத்தை அளக்கும் தேர்வுகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் ஆண்களுக்காக ஒரு வினாத்தாளைத் தயாரித்தார். 1933இல் பெண்களுக்குத் தனியாக ஒன்று வந்தது. ஆண்களுடையது நீலம், பெண்களுடையது இளஞ்சிவப்பு. பெண்களுக்கான தொழில்களில் ‘இல்லத்தரசி’யும் ஒன்று. எதிர்ப்புகள் எழுந்தபின் 1974இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அது வெற்றிதான், இளஞ்சிவப்புத் தாளுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் ஒன்றாக்கிய தாளில், தேர்வு செய்கிறவள் தனி ஆளாக உட்கார்ந்து தனக்குப் பிடித்ததைச் சொல்கிறாள் என்ற எண்ணம் அப்படியே தங்கிவிட்டது. பழைய தாள் வீட்டைத் தொழில் என்று சொன்னது. புதிய தாளில் வீடே இல்லை.

மதிப்பெண்ணையும் நாம் இப்படித்தான் தவறாக வாசிக்கிறோம். 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதமும் மாணவர்கள் 92.37 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகம்’ என்று தலைப்புப் போட்டார்கள். பெண்கள் பொறுப்பானவர்கள், கவனம் சிதறாதவர்கள் என்று மேடையில் விளக்கமும் சொல்வார்கள். என் அனுபவத்திலிருந்து வேறொன்று சொல்கிறேன். எம்.எஸ்சி. படித்த இரண்டு ஆண்டுகளிலும் பருவத்தேர்வு முடிவு வரும்போதெல்லாம் தரகரிடம் அப்பா, ‘பிள்ள நல்லா படிக்குது, அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்பார். ஒவ்வொரு முதல் வகுப்பும் எனக்கு ஆறு மாத வாய்தா. என் வகுப்பில் இரண்டு தாள்கள் அரியர் வைத்த ஒருத்திக்கு மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. பையன்களுக்கு அரியர் என்றால் இன்னொரு தடவை எழுதுவது. எனக்குக் கணிதம் உண்மையிலேயே பிடித்திருந்ததா, வாய்தாவுக்காகப் பிடித்துக்கொண்டேனா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆர்வத்தேர்வு வைத்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வழிகாட்டல் என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் அ. லலிதாதான் நினைவுக்கு வருகிறார். 18 வயதில் கணவரை இழந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. மருத்துவம் படித்தால் நள்ளிரவில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். அப்பா அங்கேயே பேராசிரியர் என்பது பெரிய உதவி. எல்லாருக்கும் அது வாய்க்காது. 1943இல் படிப்பை முடித்தார். பின்னாளில் கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்திப் பணியிலும் பங்கு பெற்றார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள உறவினர் வீடு பக்கத்தில் இருந்தது. வேலை நேரம், குழந்தை, யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் அவர் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். நம் படிவத்தில் அதை அப்படியே எழுதியிருந்தால், நான் அவருக்கும் ‘தெளிவு இல்லை’ என்றே குறிப்பு போட்டிருப்பேன். அந்தக் கணக்கைக் குழந்தையின் அப்பாக்களும் போட வேண்டும் என்பது வேறு வழக்கு. எங்கள் கூட்டங்களில் அது இன்னும் பட்டியலுக்கே வரவில்லை.

கணித மாணவி தேர்வு எழுதினாள். இடம் கிடைத்ததா, வீட்டில் அனுப்பினார்களா என்பது அவள் சொல்ல வேண்டிய கதை.

அடுத்த ஆண்டு பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டை எடுத்துவிட்டு நானே ஒரு படிவம் தயாரித்தேன். வெளியூரில் வேலை கிடைத்தால் முதலில் யாருடைய சம்மதம் வேண்டும்? மாலை எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்? உதவித்தொகை வரும் கணக்கின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? சொந்த விஷயங்களைக் கேட்கிறீர்கள் என்று நிர்வாகம் முதல் இரண்டையும் அடித்துவிட்டது. மூன்றாவது மட்டும் தப்பியது. முதல் வகுப்பிலிருந்து வந்த தாள்களை அன்று மாலையே படித்தேன். அம்மாவிடம். அண்ணனிடம். அப்பாவிடம். என்னிடம். அண்ணனிடம். ‘கேட்டதில்லை மேடம்.’