மூத்த எஞ்சின், இளைய கார்

1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிவிக்கின் மிக மலிவான மாடலில் எஞ்சினின் சக்தி வெறும் 70 குதிரைத்திறன். 1994-இல் அதே நிறுவனம் அக்யூரா என்ற தன் இன்னொரு பெயரில் கொண்டுவந்த இன்டெக்ரா ஜிஎஸ்-ஆரில் 170. இரண்டு கார்களின் அடிக்கட்டும் நெருங்கிய சொந்தம். இன்டெக்ராவின் எஞ்சினைச் சிவிக்குக்குள் இறக்கினால், அறுத்து ஒட்டும் வேலை அதிகம் இல்லாமலே மவுண்டிங்குகள் பிடித்துக்கொள்ளும். வண்டியின் எடையோ ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. தொண்ணூறுகளில் அமெரிக்க இளைஞர் கூட்டம் ஒன்று இந்தக் கணக்கின் பின்னால் ஓடத் தொடங்கியதில் வியப்பில்லை.

இந்தப் பழக்கத்தைப் பற்றிய பேச்செல்லாம் எஞ்சினைச் சுற்றியே நடக்கிறது. என் பார்வையில் அது பாதிக் கதைகூட இல்லை. வெவ்வேறு ஆண்டுக் கார்களுக்கிடையே நடக்கும் எஞ்சின் மாற்றம் உருப்படுமா என்பதைத் தீர்மானிப்பது, முன்பயணி கால் நீட்டும் இடத்தில் கம்பளத்துக்கு அடியில் திருகிவைத்திருக்கும் கம்ப்யூட்டர்தான்.

பழக்கத்தின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடலாம். தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்து, போர் அடித்து, பிஸ்டன் மாற்றிக் கூட்டுவதைவிட, அதிகம் ஓடாத எஞ்சின் ஒன்றை முழுசாக வாங்கி மாட்டுவது பல நேரங்களில் மலிவு. அப்படிப்பட்ட எஞ்சின்கள் கிடைக்கவும் செய்தன. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவுக்கு அஞ்சி நல்ல நிலையில் உள்ள காரையே பலர் கழித்துக்கட்டிவிட, அவற்றின் எஞ்சின்கள் கன்டெய்னர்களில் கடல் தாண்டின. எஞ்சின் போனதற்காக உடல் நன்றாயிருக்கும் ஒரு காரை நசுக்கி இரும்பாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்திர வேலையில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 1993 வரையிலான இன்டெக்ராவின் கியர்பாக்ஸில் கிளட்சை இழுப்பது கேபிள். 1992-க்குப் பிந்தைய சிவிக்கில் அது திரவ அழுத்தம். ஆகவே பழைய எஞ்சினோடு பழைய கியர்பாக்ஸும் வந்தால் பொருந்தாது. இப்படிச் சில கண்ணிகள் உண்டு. கைத்தேர்ச்சியுள்ள மெக்கானிக் அவற்றை ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

கம்ப்யூட்டர் அப்படியல்ல. அதன் தவறு கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தலைமுறை ஹோண்டாக்களில் எஞ்சினுக்குள் போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், எஞ்சின் சுழலும் வேகம், காற்றின் வெப்பம் ஆகியவற்றை வைத்து, இந்த நிலையில் இந்த எஞ்சின் இவ்வளவு காற்றை இழுக்கும் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. அந்த அட்டவணை ஒரு குறிப்பிட்ட எஞ்சினுக்கென்று எழுதியது. எந்தக் காரில் அது உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

இப்போது 1.8 லிட்டர் ஜிஎஸ்-ஆர் எஞ்சினைச் சிவிக்கில் இறக்கிவிட்டு, 1.6 லிட்டர் சிவிக்கின் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும்? வண்டி ஓடும். ஆபத்தே அதுதான். மிதமான வேகத்தில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டு கம்ப்யூட்டர் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்ததும் அது சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு அட்டவணையை மட்டும் நம்பும். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகக்கூடிய கட்டமும் அதுதான். அமெரிக்காவில் விற்ற 1.6 சிவிக்கின் கம்ப்யூட்டருக்கு நாக் சென்சார் கிடையாது. எஞ்சின் தட்டும் சத்தம் அதன் காதில் விழாது. ஜிஎஸ்-ஆர் மேனிஃபோல்டுக்குள் வேகத்துக்கேற்பத் திறந்து மூட வேண்டிய இரண்டாம் வால்வுகளையும் அது அறியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜிஎஸ்-ஆரின் 170 குதிரைத்திறன் 7600 சுற்றில்தான் முழுமை பெறுகிறது. வேகத்துக்கேற்ப வால்வுகளின் திறப்பை மாற்றும் விடெக் அமைப்பு வைத்த 1.6 சிவிக்கின் சிவப்புக் கோடு 7200-இல். அதைத் தாண்டியதும் அதன் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டிவிடும். எதற்காகக் காசு கொட்டி எஞ்சினை மாற்றினாரோ, அந்தச் சுற்றை வண்டி எட்டவே எட்டாது.

அதனால் எஞ்சினோடு அதன் கம்ப்யூட்டரையும் சேர்த்து எடுப்பதுதான் சரியான வழி. 1992–95 சிவிக்கும் 1994–95 ஜிஎஸ்-ஆரும் ஒரே தலைமுறை மின்னமைப்பைச் சேர்ந்தவை. கனெக்டர்கள் அப்படியே பொருந்தும். விடெக் இல்லாத சிவிக் என்றால் சோலினாய்டுக்கு ஒன்று, ஆயில் அழுத்த சுவிட்சுக்கு ஒன்று, நாக் சென்சாருக்கு ஒன்று, மேனிஃபோல்டு வால்வுக்கு ஒன்று என்று நான்கு வயர் புதிதாக இழுத்தால் போதும். இன்ஜெக்டர்களின் மின்தடையையும் சரிபார்க்க வேண்டும். மின்தடை குறைந்த இன்ஜெக்டரை ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் மாட்டினால் கம்ப்யூட்டரின் உள்பாகமே கருகும். இவற்றைக் கவனித்துச் செய்தால், தொழிற்சாலையிலிருந்து இப்படியே வந்ததோ என்று நினைக்கும்படி கார் ஓடும். இந்த அளவில் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிக்கல் 1996-இல் தொடங்குகிறது. அந்த மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயமானது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார், சிலிண்டர் எரியாமல் தவறுவதைப் பிடிக்கும் கிராங்க் சென்சார், பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்க டேங்கில் அழுத்த சென்சார் என்று கம்ப்யூட்டருக்குப் புதிய கண்களும் காதுகளும் முளைத்தன. டாஷ்போர்டுக்குக் கீழே யாரும் ஸ்கேனர் மாட்டிப் படிக்கக்கூடிய பொதுவான சாக்கெட்டும் வந்தது.

ஆனால் இந்தப் புதிய கம்ப்யூட்டரின் நிரலைத் திருத்துவது எளிதாக இல்லை. பழைய தலைமுறையில் பி28 என்று முத்திரையிட்ட 1992–95 கம்ப்யூட்டரிலோ, ஒரு சிப்புக்குச் சாக்கெட் பற்றவைத்து, எஞ்சின் மாற்றுபவர்கள் தாங்களே எழுதிய அட்டவணையை ஏற்றிவிடலாம். அதற்கான மென்பொருள்கள் பெருகின, இணைப்பு வயர்களும் கடைச்சரக்காயின. விளைவு விசித்திரமானது: 1998 காரில் 2000 எஞ்சின், அதை ஆள்வது 1993 கம்ப்யூட்டர். பின்னால் பிறந்த பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் பிறந்ததைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள்.

ஓட்டும் சுகத்தை மட்டும் பார்த்தால் இதில் தவறில்லை. நன்றாக எழுதிய அட்டவணையோடு ஓடும் பி28, எஞ்சினை அழகாகவே நடத்தும். ஆனால் கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வேலை அங்கே முடிந்துபோகிறது. இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பாரில்லை. ஒரு சிலிண்டர் எரியாமல் தவறி, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கினாலும் விளக்கு எரியாது. டேங்க் மூடி கசிந்தாலும் தெரியாது. ஸ்கேனரை மாட்டினால் பதில் வராது.

இதை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானதுதான்: என் கார் புகைப் பரிசோதனையில் தேறுகிறதே, உள்ளே எந்தப் பெட்டி இருந்தால் என்ன? தேறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான கார்களுக்கு அந்தப் பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். ஓபிடி-2 ஒவ்வொரு பயணத்திலும் சோதிக்கிறது. அன்றைக்கு மட்டும் சுத்தமாக இருந்ததைக் காட்டி, இரண்டு ஆண்டுக்கும் சான்று கேட்பது நியாயமாகப் படவில்லை.

கலிஃபோர்னியாவின் விதி இந்த இடத்தில் சரியான கேள்வியைக் கேட்கிறது. இறக்கும் எஞ்சின் காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு உரிய மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அத்தனையும் கூடவே வர வேண்டும். இத்தகைய மாற்றங்களைச் சோதிக்கும் நடுவர் (ரெஃபரி) நிலையத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். 1999–2000 சிவிக் எஸ்ஐ-யின் 160 குதிரைத்திறன் எஞ்சினை அதன் கம்ப்யூட்டர், சென்சார்களோடு 1997 சிவிக்கில் மாட்டினால் வழி திறந்திருக்கிறது. கனெக்டர்கள் மாறியிருப்பதால் வயரிங்கில் கொஞ்சம் மல்லாட வேண்டும், அவ்வளவுதான். 1994 இன்டெக்ரா எஞ்சினை அதே காரில் மாட்டினால் கதவு மூடிவிடும். இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வாசித்தது. எப்படி மாற்றலாம் என்ற கேள்விக்கே அங்கே அதிக இடமில்லை.

கலிஃபோர்னியா விதியிலும் ஓட்டை உண்டு. அது ஆண்டை எண்ணுகிறது. 1994 ஜிஎஸ்-ஆர் எஞ்சினும் 1998 ஜிஎஸ்-ஆர் எஞ்சினும் இரும்பளவில் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு பெரும்பாலும் மேலே மாட்டிய சென்சார்களில். எஞ்சினின் பிறந்த ஆண்டு ஒரு குத்துமதிப்பு அடையாளம் மட்டுமே. அதோடு, விதிப்படி போகிறவர் டேங்க் சென்சார் வரை தேடி அலைய, போகாதவர் பரிசோதனை நாளில் பழைய உறுப்புகளை மாட்டிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கழற்றிவிடுகிறார். நேர்மையானவருக்குத்தான் செலவு அதிகம்.

எந்த விதியும் அதிகம் பேசாத இன்னொரு குறை பிரேக். எஞ்சின் இன்டெக்ராவிலிருந்து வருகிறது. அதன் பின்சக்கர டிஸ்க் பிரேக் வருவதில்லை. 70 குதிரைத்திறனுக்கென்று கணக்கிட்ட சிறிய முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் 170-ஐ நிறுத்த வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்காக மாதக்கணக்கில் மெனக்கெடுபவர்கள்கூட இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆண்டுப் பொருத்தம் கச்சிதமாக அமைந்த காரிலும் இந்தக் குறை இருக்கலாம்.

2000-க்குப் பிறகு கணக்கு மேலும் மாறியது. சாவிக்குள் சிப் வந்தது. அந்தச் சாவியை அடையாளம் காணாவிட்டால் கம்ப்யூட்டர் எஞ்சினை ஓட விடாது. எஞ்சின், கம்ப்யூட்டர், சாவி மூன்றையும் ஒரே காரிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பூட்டை மென்பொருளால் திறக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு வேறு வழி கண்டது. ஈ-ராட் என்ற பெயரில் எல்எஸ்3 எஞ்சினையும் அதன் கம்ப்யூட்டர், வயரிங், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், ஆவி பிடிக்கும் கேனிஸ்டர் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதியோடு, ஓபிடி-2-க்கு முந்தைய கார்களில் மாட்டுவதற்கென்று விற்றது. விலை கூடுதல். ஆனால் எது வர வேண்டும், எது விடுபட்டது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. தொண்ணூறுகளின் சிவிக்குக்கு ஹோண்டா இப்படி ஒரு தொகுப்பை விற்றதில்லை. பி28-ஐத் தேடி அலைந்தவர்களில் எத்தனை பேர் அதை வாங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.