திரும்பி வந்தவன் சொன்ன கதை

ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றிய நாவல்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. திரும்பி வந்தவர்களைப் பற்றியவை குறைவு. திரும்பி வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து என்ன சொல்கிறான், கேட்கிறவர்கள் அவனை என்ன சொல்லவைக்கிறார்கள் என்பதையே விஷயமாகக் கொண்டவை இன்னும் குறைவு. ஸெனெகல் தேசத்தின் நியோதியோர் என்ற மீனவத் தீவில் 1968ல் பிறந்து பிரான்ஸில் குடியேறிய ஃபத்து தியோம் என்ற எழுத்தாளர், 2003ல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'அட்லாண்டிக்கின் வயிறு' இந்தக் கடைசி ரகத்தைச் சேர்ந்தது. 2006ல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கால்பந்து நாவல். ஸாலி என்ற பெண் ஸ்ட்ராஸ்பூர் நகரில் இருக்கிறாள். தாய் ஒன்றும் தந்தை வேறுமான தம்பி மதிக்கே தீவில் இருக்கிறான். இத்தாலிய ஆட்டக்காரர் மால்தீனிதான் அவனுக்குத் தெய்வம். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் பந்தயத்தின்போது தீவின் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட, தம்பி அக்காளுக்கு டெலிபோன் செய்து ஆட்டத்தின் முடிவைக் கேட்கிறான். கட்டணம் அவள் தலையில். பிரான்ஸுக்குப் போய் மால்தீனியைப் போல் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. வராதே என்பது அவள் பதில்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சொந்தக்காரர், பாரிஸில் பார்பேஸ் என்ற பேட்டையில் இருந்துவிட்டு வந்தவர். பெரிய வீடு கட்டியிருக்கிறார். பையன்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாரிஸ் மகிமையைக் கேட்கிறார்கள். அங்கே தாம் பட்ட அவமானத்தையும் செய்த கூலி வேலையையும் அவர் சொல்வதில்லை. சாதாரண ஆசிரியர் இந்த மனிதரை வில்லனாக்கியிருப்பார். தியோம் அப்படிச் செய்யவில்லை. ஊருக்கு அந்தப் பொய் தேவைப்படுகிறது, அதை நிறுத்தினால் அவருடைய மரியாதையும் போய்விடும் என்பதைக் காட்டுகிறார். பொய் சொல்கிறவரும் கேட்கிறவர்களும் கூட்டாளிகள்.

இந்த இடத்தைப் படித்தபோது கோட்டக்குப்பம் என் நினைவுக்கு வந்தது. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். பிரெஞ்சு எல்லைக்கு வெளியே இருந்தாலும், கொள்வினை கொடுப்பினையெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்தோடும் உண்டு. 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. அந்த உறவின் வழியே பாரிஸ் என்பது இந்தக் கரையில் அடுத்த தெருப் பேச்சாகிவிட்டது. கடற்கரை முஸ்லிம் ஊர்களில் வெளிநாடு போய்வருகிறவரைச் 'சபுராளி' என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதை இருக்கிறது. அங்கே என்ன வேலை பார்த்தார் என்ற கேள்வி அதில் இல்லை. ஸெண்டுப் புட்டியும் சாக்லேட்டும் பங்கிடுகிற நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கு மனம் வரும்? ஸெனெகலும் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடுதான். நாவல் நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அது மட்டும் காரணமல்ல.

பார்பேஸ்காரரின் பொய்க்கு எதிராகத் தீவின் பள்ளி ஆசிரியர் ந்தேத்தாரே ஓர் உண்மைக் கதை சொல்கிறார். மூஸா என்ற பையனை ஒரு பிரெஞ்சுத் தரகர் அழைத்துப் போகிறார். தரகரின் பெயருக்கே 'ரட்சகர்' என்று அர்த்தம். மூஸாவின் ஆட்டம் அங்கே எடுபடவில்லை. உனக்காகச் செலவழித்ததைத் திருப்பிக் கொடு என்று அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்புகிறார் ரட்சகர். கரையில் இறங்கியவனைப் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. வெறுங்கையோடு வந்தவனை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. கடல் ஏற்றுக்கொள்கிறது.

நிஜத்தில் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1967ல் மாலி தேசத்திலிருந்து பாரிஸில் வந்திறங்கிய ஸாலிஃப் கெய்தா, விமான நிலையத்தில் அழைத்துப்போக ஆளில்லாததால் ஒரு டாக்ஸியைப் பிடித்து, சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸாந்த் எத்தியேன் நகருக்கே போய்ச் சேர்ந்தார். வாடகையைக் கிளப் கொடுத்தது. ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 1970ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. கெய்தாவின் வண்டிச் சத்தத்தைக் கிளப் கொடுத்தது. மூஸாவின் செலவை மூஸாவே கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஊரில் பரவுவது டாக்ஸிக் கதைதான்.

இங்கேதான் எனக்கு நாவலில் ஒரு குறை தெரிகிறது. மால்தீனி ஒரு முனை, மூஸா மறு முனை. நடுவில் இருப்பவர்களுக்கு நாவலில் இடமில்லை. நம் தேசத்துக்குப் படிக்க வந்த நைஜீரிய இளைஞர் சீமா ஒகோரி, 1980களில் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் கிளப்புகளிலும், பிறகு மோகன் பகானிலும் ஆடி ராஜாவைப் போல் கொண்டாடப்பட்டார். 1990களில் இங்கிலாந்து போய்ப் பீட்டர்பரோ, கிரிம்ஸ்பி முதலிய சிறிய கிளப்புகளில் ஆடினார், அங்கே நிலைக்கவில்லை. கல்கத்தாவுக்கே திரும்பினார். வெற்றி என்பதா, தோல்வி என்பதா? வாழ்க்கை என்றுதான் சொல்ல வேண்டும். இத்தகைய ஒருவரை வைத்து எழுதுவது சிரமமான காரியம். தியோம் அதைத் தொடவில்லை. சில இடங்களில் பாத்திரங்களை நிறுத்திவைத்துவிட்டுத் தாமே பிரசங்கமும் செய்கிறார்.

இந்தக் குறைகளுக்கு அப்பால் நாவலின் உயிரான கேள்வி ஒன்று இருக்கிறது. போகாதே என்று சொல்லப் போனவளுக்கு என்ன உரிமை? நீ மட்டும் அங்கே இருக்கலாமா என்பது தம்பியின் வாதம். அதற்கு ஸாலியால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் சேர்த்து வைத்த பணத்தை அனுப்புகிறாள், பிரயாணத்துக்கு அல்ல, கடை வைக்க. தம்பி கடை வைக்கிறான், தீவிலேயே தங்கிவிடுகிறான். சுபமான முடிவு என்று சிலர் புத்தகத்தை மூடிவிடலாம். கடைக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவ்வளவு சுபமாகத் தோன்றாது. ஊரில் இருக்கலாம் என்ற புத்திமதிக்குப் பின்னால் ஊரை விட்டுப் போனவள் சம்பாதித்த பணம் இருக்கிறது. அக்காள் இல்லாத பையன் என்ன செய்வான்?

நாவலின் இறுதியில் 2002 உலகக் கோப்பை வருகிறது. அந்த ஆண்டு மே 31ந் தேதி ஸெனெகல் பிரான்ஸை 1–0 என்று தோற்கடித்தது. அந்த ஸெனெகல் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் அப்போது பிரெஞ்சுக் கிளப்புகளில் ஆடிவந்தவர்கள். பிரான்ஸை வென்றவர்களும் பிரான்ஸுக்குப் போனவர்கள்தாம். அன்று ஆட்டத்தைப் பார்த்த பையன்களிடம் மூஸாவின் கதையைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் காதில் ஏறியிருக்கும்? ஏறாது என்று தெரிந்தும் பள்ளி ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நாவலாசிரியரின் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குப் படுகிறது. இந்தப் புத்தகத்தை யாராவது தமிழில் தந்தால், மரக்காணம் கரை வாசகர்களுக்கு அதில் முன்னுரை தேவைப்படாது.