ரேகை பார்ப்பதும் ரேகை எடுப்பதும்

கைரேகை ஜோசியத்தை மறுத்து எழுதுவது நம் சூழலில் பெரிய காரியம் இல்லை. சுயமரியாதை இயக்கக் காலம் தொட்டு அதைப் பலரும் செய்திருக்கிறார்கள். உள்ளங்கை மடிப்புகள் தாயின் வயிற்றில் மூன்றாம் மாத வாக்கிலேயே உருவாகிவிடுகின்றன. கை மடங்குவதற்குத் தோல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதற்கும் ஒருவருடைய ஆயுளுக்கோ கல்யாணத்துக்கோ சம்பந்தம் கிடையாது. சரி, இதைச் சொன்னதும் கையைப் படிக்கிற விவகாரம் முடிந்துவிட்டதா? முடியவில்லை என்று எனக்கு உறைத்தது ஒரு ரேஷன் கடை வரிசையில்தான்.

என் அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020இல் விரல்ரேகைக் கருவி வந்த பிறகு ஒருநாள் அவரோடு போயிருந்தேன். வலது கை பெருவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. "கையத் தொடச்சிட்டு வைங்கம்மா" என்றார் கடைக்காரர். முந்தானையில் துடைத்து வைத்தார். "வேற வெரல வைங்க." பத்து விரலும் ஆயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வெளியே வந்து கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "ரேகையெல்லாம் சிமெண்டு தின்னுடுச்சுடா. கைநாட்டு வைக்கக்கூட லாயக்கில்லாத கையாப் போச்சு."

இதே கையைப் பல வருஷங்களுக்கு முன் ஒரு குறத்தி பார்த்துக் குறி சொன்னதுண்டு. அத்தை கால்படி அரிசி போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அந்த வாசிப்பை நம்பலாம், நம்பாமல் சிரிக்கலாம், "போம்மா, பொய் சொல்லாத" என்று எதிர்த்தும் பேசலாம். கடைக் கருவியின் வாசிப்போடு அப்படிப் பேச முடியாது. இரண்டிலும் வாசிக்கப்படும் பிரதி ஒரே கைதான். ஆனால் முதல் வாசிப்பை மூடநம்பிக்கை என்கிறோம், இரண்டாவதை நிர்வாகம் என்கிறோம். இந்தப் பெயர் வித்தியாசத்தைத்தான் நான் கொஞ்சம் கிளறிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஜோசியத்தின் பக்கம். அதை அப்பாவியான ஒரு நாட்டார் வழக்காறு என்று கொண்டாடவும் எனக்கு உத்தேசமில்லை. சாமுத்திரிகா லட்சணத்தில் சிவந்த, மென்மையான உள்ளங்கை செல்வத்தின் அடையாளம். சொரசொரத்த கை வறுமையின் அடையாளம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1843இல் கையின் வடிவங்கள் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் தர்பான்தீஞி கைகளை ஏழு வகையாகப் பிரித்தார். 'கீரோ' என்ற பெயரில் புகழ்பெற்ற ஐரிஷ்காரர் அந்த ஏழையும் உலகமெங்கும் கொண்டுபோனார். தடித்த, கரடுமுரடான கை அந்த வரிசையில் கடைசிப் படி. மந்த புத்தியின் கை. பாடுபட்டதால் காய்த்துப்போன கையைப் பார்த்து, 'இந்தக் கை இப்படி இருப்பதால்தான் இவன் பாடுபடுகிறான்' என்று தலைகீழாக வாசிப்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். வரலாறு இயற்கையாக வேஷம் போட்டுக்கொள்வதைத் தொன்மம் என்று ரோலான் பார்த் 1957இல் எழுதினார். அதற்கு உள்ளங்கையை விடப் பொருத்தமான உதாரணம் இருக்குமா தெரியவில்லை. கை உண்மையிலேயே ஒன்றைச் சொல்கிறது: அது என்ன வேலை செய்தது என்பதை. ஜோசியம் அதை மட்டும் கவனமாக மறைத்துவிடுகிறது.

ஆனால் குறி சொல்பவள் யார் என்ற கேள்வி இங்கே குறுக்கே வருகிறது. குறவஞ்சி இலக்கியத்தில் மலையிலிருந்து இறங்கி வரும் குறத்தி உயர்குலத் தலைவியின் கையைத் தொட்டுப் பார்க்கிறாள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி வசந்தவல்லிக்குக் குறி சொல்வது அப்படித்தான். தீண்டுவதற்கே கணக்கு வைத்திருக்கும் ஒரு சமூகத்தில் இந்தத் தொடுகை சாதாரணமானதல்ல. ஆனால் அவள் சொல்லவேண்டிய விடையைப் பிரதி முன்னதாகவே முடிவு செய்துவிடுகிறது: குற்றாலநாதரின் பெயர். அவளுடைய வாக்கு சுதந்திரமானது போலத் தோன்றினாலும் தலைவனைத் தவிர வேறொன்றைச் சொல்ல அதற்கு அனுமதியில்லை. இருந்தும், பிரதிக்குள்ளாவது கையை வாசிப்பவள் அவள்தான், தலைவி வாசிக்கப்படுபவள்.

காலனிய ஆட்சி இந்த உறவைப் புரட்டிப் போட்டது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற சாலை ஒப்பந்தக்காரரின் வலது கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். விரல் மட்டுமல்ல, உள்ளங்கையும் சேர்த்து; ஜோசியர் பார்க்கும் அதே பரப்பு. போட்ட கையெழுத்தை மறுக்கும் எண்ணமே வராதபடி மிரட்டுவதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே பின்னால் ஒப்புக்கொண்டார். அதாவது கைநாட்டின் பிறப்பு எழுதத் தெரியாமையில் இல்லை, ஆள்பவனின் அவநம்பிக்கையில் இருக்கிறது. 'கைநாட்டு' என்று நாம் ஒருவரை ஏசும்போது இந்த வரலாற்றை விழுங்கிவிட்டுத்தான் ஏசுகிறோம்.

கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய, தடயங்கள் பற்றிய கட்டுரையில் வேட்டைக்காரன், குறி சொல்பவர், வைத்தியர், துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே அறிவுமுறையின் வாரிசுகளாகப் பார்க்கிறார். சிறு அடையாளத்திலிருந்து காணாததை ஊகிப்பது அவர்களுக்குப் பொது. அப்படியானால் ஜோசியரும் போலீஸும் பங்காளிகள். இதில் விநோதம் என்னவென்றால், விரல்ரேகையை விஞ்ஞானமாக்கிய பிரான்சிஸ் கால்டனும் ஜோசியரின் ஆசையோடுதான் ஆரம்பித்தார். 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உண்டாக்கிய அவர், ரேகையில் இனமும் குணமும் தெரியும் என்று எதிர்பார்த்தார். 1892இல் வந்த நூலில் அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போனதை அவரே சொல்ல வேண்டிவந்தது. ரேகை 'இவன் யார்' என்று சொல்லவில்லை. 'இவன் அவன்தான்' என்று மட்டும் சொன்னது. அதிகாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஏனென்றால் 'இவன் யார்' என்பதைச் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது.

1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்தையும் எட்டியது. நம் கிராமங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். எந்த விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். கை கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்கான விலை அது.

குறவர்களும் அந்தச் சட்டத்தில் சிக்கினார்கள். உப்பும் தானியமும் மாட்டு முதுகில் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்களை ரயிலும் உப்புக் கொள்கையும் பிழைப்பிழக்கச் செய்ததை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விரிவாகச் சொல்கிறது. நாடோடிப் பிழைப்பே குற்றமாயிற்று. குறி சொல்லப் போகும் பெண்கள் வீடுகளை நோட்டம் விடுகிறார்கள் என்று போலீஸ் குறிப்புகள் எழுதின. ஊரார் கையைப் பார்த்தவளின் சமூகம் தன் கையை மையில் தோய்க்க வேண்டியதாயிற்று. குறி சொன்னவர்கள் குறி வைக்கப்பட்டார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுமைக்கும் 1952இலும் ரத்தானது. சந்தேகப்படும் பழக்கம் அதோடு ரத்தாகவில்லை.

ஆதாரும் ரேஷன் கருவியும் ரேகைச் சட்டமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். அன்று ரேகை எடுத்தது அடைத்து வைக்க, இன்று எடுப்பது அரிசி கொடுக்க. ஆனாலும் ஒரு சரடு அறுபடவில்லை. ஆளின் பேச்சை நம்பாதே, உடலைக் கேள் என்பதே அது. உடல் பதில் சொல்லாதபோது பழி உடலின் மேல் விழுகிறது. கை ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ணைக் காட்டு என்று கருவிழிக் கருவிகளும் வந்துவிட்டன. அத்தை நாற்பது வருஷமாக அதே தெருவில் இருப்பவர். கடைக்காரருக்கும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். அந்தத் தெரிதலுக்கு அங்கே மதிப்பில்லாமல் போனதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

நம் பகுத்தறிவு விமர்சனம் கிளி ஜோசியரிடமும் குறத்தியிடமும் கறாராக இருந்தது. அவர்களை மடக்குவது சுலபம். அவர்கள் பின்னால் ஸ்டேஷன் இல்லை, சட்டம் இல்லை. கையைப் படிக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நீ தப்பாகப் படித்தால் யாருக்கு நஷ்டம்? படிக்கப்பட்டவர் திருப்பிப் பேச முடியுமா? கையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பெருங்காமநல்லூர் கேட்டது இந்த மூன்றாவதைத்தான்.

அன்றைக்கு அத்தை வெறும் பையோடு வீடு திரும்பினார். மறுநாள் காலை, யாரோ சொன்னார்கள் என்று, கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரும்பவும் கிளம்பினார். "இன்னிக்கி ரேகை தெரியுதா பாரு" என்று என்னிடம் கையை நீட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ப்புத்தான்.