குயில் போட்ட நிபந்தனை

பாரதி இளமையில் 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரில் எழுதினார் என்பது பலருக்கும் தெரிந்த தகவல்தான். அந்தத் தாசன் தன் குருவிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை வேண்டாம் என்று விட்டார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆண் பெண் உறவு என்ற ஒரே கோணத்தில் இதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். புதியம்புத்தூர்க்காரனுக்கு எட்டயபுரம் பக்கத்து ஊர். அந்த உரிமையில் கொஞ்சம் கேள்வியும் கேட்கலாம்.

முதலில் ஷெல்லி. 1811இல் பதினாறு வயது ஹேரியட்டை அழைத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்கிறார். 1814இல் அவரை விட்டுவிட்டு மேரியோடு ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார். 1816 டிசம்பரில் ஹேரியட்டின் உடல் லண்டன் ஹைட் பார்க் ஏரியில் கிடைக்கிறது. அந்த மாதம் 30ஆம் தேதியே ஷெல்லிக்கும் மேரிக்கும் திருமணம். அதோடு முடியவில்லை. 1821இல் பைசா நகரத்துக் கன்னிமடத்தில் இருந்த எமிலியா விவியானி என்ற இளம்பெண்ணை நினைத்து 'எபிசைக்கிடியான்' என்ற நீண்ட கவிதை எழுதுகிறார். ஒரே ஆளோடு காதலைக் கட்டிப் போடுவது அடிமைத்தனம் என்பது அதில் வரும் வாதம். கவிதையில் எமிலியா ஒளி, நட்சத்திரம், ஆன்மாவின் ஆன்மா, எல்லாம்தான். ஆனால் வாயைத் திறந்து பேசுவதில்லை.

ரொமான்டிக் கவிஞர்கள் பலரிடமும் இந்தக் குணம் உண்டு. பெண் என்பவள் கவிஞனின் மனம் போய் உட்காரும் ஒரு கிளை. பறவைகளும் அப்படித்தான். ஷெல்லியின் வானம்பாடியும் கீட்ஸின் நைட்டிங்கேலும் பாடுகின்றன. எதிரே நிற்கும் மனிதனுக்குப் பதில் சொல்வதில்லை.

இப்போது குயில் பாட்டுக்கு வருவோம். பாரதி புதுச்சேரியில் இருந்த காலத்தில் (1908–1918) எழுதியது. மாந்தோப்பில் ஒரு குயில் பாடுகிறது, கேட்ட கவிஞன் மயங்குகிறான். இதுவரை அசல் ஷெல்லி, கீட்ஸ் பாணி. ஆனால் இந்தக் குயில் பேசுகிறது! நாலாம் நாள் வா என்கிறது. ஆள் பொறுக்காமல் அடுத்த நாளே போனால், குயில் ஒரு குரங்கிடம் காதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்த நாள் ஒரு மாட்டிடம். நம்ம ஆள் பொறாமையில் வாளை உருவுகிறார். ஆணின் பொறாமையை இப்படிக் கேலி செய்ய ஷெல்லிக்கு மனசு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முக்கியமான இடம் குயில் சொல்லும் முற்பிறவிக் கதையில் இருக்கிறது. சேர நாட்டு மலையில் வேடர் தலைவன் மகள் சின்னக்குயிலி. மாமன் மகன் மாடன் உருகுகிறானே என்று இரக்கப்பட்டு அவனுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறாள். அப்பாவோ நெட்டைக் குரங்கன் என்பவனுக்கு அவளைப் பேசி முடித்துவிடுகிறார். அப்போது வேட்டைக்கு வந்த சேர இளவரசன் அவளைப் பார்த்துக் காதல் சொல்கிறான். அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் உடனே விழுந்துவிடவில்லை. அரசர்களுக்கு மனைவியர் பலர், எங்கள் குலப் பெண்கள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக வரமாட்டார்கள் என்கிறாள். மனைவி என்றால் நீதான் என்று அவன் வாக்குக் கொடுத்த பிறகே சம்மதம்.

ஷெல்லியின் கவிதை 'ஒருத்தியோடு ஏன் நிற்க வேண்டும்' என்று ஆண் பக்கத்திலிருந்து விடுதலை கேட்கிறது. அந்த விடுதலையின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதை ஹேரியட்டின் கதையில் பார்த்தோம். வேடன் மகளோ அதே விஷயத்தைப் பெண் பக்கத்திலிருந்து, அதுவும் ஒரு ராஜகுமாரன் முகத்துக்கு நேரே கேட்கிறாள். கற்பு என்றால் இரண்டு பேருக்கும் பொதுவாக வையுங்கள் என்று கும்மிப் பாட்டில் பாரதி சொன்னது இங்கே கதையாகவே நடக்கிறது. ஷெல்லியின் இசையையும் சுதந்திர வெறியையும் எடுத்துக்கொண்ட தாசன், அவருடைய காதல் கொள்கையை எடுக்கவில்லை என்பது என் வாசிப்பு.

சரி, பாரதி முழுசாகத் தப்பித்துவிட்டாரா? இல்லை. குரங்கும் மாடும் பேய்கள் காட்டிய மாயை என்று கதை சொல்லிவிடுகிறது; குயில் 'சுத்தமானவள்' என்று நிரூபித்த பிறகுதான் கவிஞனுக்கு நிம்மதி. கடைசியில் முத்தமிட்டதும் குயில் பெண்ணாகிறாள், கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போகிறாள். எல்லாம் பகல் கனவு. கண் விழித்தவன் தன்னைச் சுற்றி என்ன பார்க்கிறான்? பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைகள், பாய். அந்தப் பட்டியலில் மனைவி இல்லை.

நிஜ வீட்டில் செல்லம்மா இருந்தார். 1897இல் திருமணம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது, பாரதிக்குப் பதினாலு. சுயசரிதைப் பாட்டில் பாரதி, பத்து வயதில் ஒரு பெண்ணை மனசில் வைத்து வணங்கியதையும், பிறகு அப்பா இன்னொரு பெண்ணை மணம் முடித்துவைத்ததையும் சொல்கிறார். தன் வருத்தத்தைச் சொன்ன அந்த இடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் உரைநடையில் கேட்டுவிட்டார். 'பெண் விடுதலை' கட்டுரையில் வரிசையாக எழுதுகிறார்: ருதுவாகும் முன் மணம் கூடாது, இஷ்டமில்லாதவனுக்குக் கட்டிவைக்கக் கூடாது, பிடிக்காவிட்டால் விலக வழி வேண்டும், சொத்தில் சம பங்கு வேண்டும், கல்யாணமே வேண்டாம் என்பவள் தொழில் செய்து சுதந்திரமாக வாழலாம். இதில் முதல் இரண்டும் அவர் வீட்டிலேயே நடந்தவை மாதிரித்தான் எனக்குப் படுகிறது.

ரெடிமேட் தையலால் பேர் வாங்கிய எங்கள் ஊரில் மிஷினில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பெண்கள் நிறைய. அந்தப் பட்டியலின் கடைசி வரி இங்கே பாதி நடந்திருக்கிறது. முதலில் உள்ள 'இஷ்டம்' பற்றிய வரிக்குத்தான் இன்னும் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. காதல் பாட்டு ரசிக்கிற நாமெல்லாம் குயிலின் குரலைத்தான் ரசிக்கிறோம். அது போட்ட நிபந்தனையையும் காது கொடுத்துக் கேட்டால் நல்லது.