வாயில் காப்போனா, பகைவனா?

சென்ற ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக் காப்பிக்கடை ஒன்றில் நாம் அமர்ந்திருந்தபோது, அடுத்த மேசையில் இளைஞர் நால்வர் மும்முரமாய் வாதாடிக்கொண்டிருந்தனர். பந்தாட்டத்தைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ இருக்குமென்று எண்ணிச் செவி கொடுத்தோம். வழக்கு வேறாயிருந்தது. ‘மெட்டல் கியர் சாலிட்’ என்னும் வீடியோ ஆட்டத்தில் வரும் ரிவால்வர் ஆசலாட் என்ற வில்லன் உள்ளத்தில் யார் பக்கம் நின்றான் என்பதே அவர்கள் தீர்க்க முயன்ற கேள்வி.

அவ்வாட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூறுவோம். ஜப்பானியக் கொனாமி நிறுவனத்தில் ஹிடியோ கோஜிமா என்பவர் ஆக்கிய ஆட்டம் இது. 1998-இல் வெளிவந்த கதையில் ஆசலாட் கலகக்காரர் தலைவனின் ஊழியன். சிறைப்பட்ட கதாநாயகனை மின்சாரம் பாய்ச்சி வதைப்பவன். கதை முடிந்தபின் கேட்கும் தொலைபேசிப் பேச்சில், அவன் வேறோர் எசமானனின் ஒற்றன் என்று தெரிகிறது. 2001-இல் வந்த பாகத்தில் அந்த எசமானனையும் அவன் வஞ்சிக்கிறான். 2004-இல் அவனது இளமைக்காலம் கூறப்படுகிறது. அங்கும் அவனுக்கு இரண்டு முகங்களே. கடைசியில் 2008-இல் வந்த நான்காம் பாகத்தில், இவ்வளவும் பிக் பாஸ் என்னும் பழைய தலைவன் ஒருவனுக்காக அவன் நடித்த நாடகமென்று முடிவு கட்டப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆடுவோர் பலர் அவனது அந்தரங்க விசுவாசத்தைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை வகுத்து வந்தனர்.

அப்படியானால் அவன் தொடக்கமுதலே நல்லவன்தான் என்றார் ஓர் இளைஞர். அவன் கையால் வதையுண்டு மாண்டவனுக்கு அந்த நல்ல உள்ளத்தால் என்ன பயன் என்று கேட்டார் இன்னொருவர். முன்னவர் விடை கூறவில்லை. பின்னவர் கேட்ட கேள்வியோ நம்மை விட்டு அகலவில்லை.

நிற்க. இக்கேள்வி ஜப்பானிலிருந்து நமக்கு வந்த புதுச் சரக்கன்று. அந்தக் காப்பிக்கடை இருக்கும் அதே சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1855-இல் தோன்றிய அக்கோயில் முதலில் நரசிங்கப் பெருமாள் கோயில் என்றே வழங்கிற்று. பெருமாள் கோயில்களில் கருவறை வாயிலின் இருபுறமும் கதை ஊன்றி நிற்கும் காவலர் இருவரை நாம் கண்டிருக்கிறோம். சயன், விசயன் என்பன அவர்தம் பெயர்கள். புராணம் கூறும் கதை இது: வைகுந்தத்துக்கு வந்த சனகாதி முனிவரை அவர்கள் வாயிலில் தடுத்தனர், முனிவர் சபித்தனர். அடியாராக ஏழு பிறவி எடுக்கிறீர்களா, பகைவராக மூன்று பிறவி எடுக்கிறீர்களா என்று பெருமாள் கேட்க, விரைவில் திரும்பலாமென்று பகையையே அவர்கள் வேண்டினரென்று கதாகாலட்சேபக்காரர் கூறுவர். இவ்வாறு இரணியாட்சன், இரணியன் என ஒரு முறையும், இராவணன், கும்பகருணன் என மறுமுறையும், சிசுபாலன், தந்தவக்கிரன் என மூன்றாம் முறையும் பிறந்தனராம்.

எனவே நரசிங்கம் மார்பைப் பிளந்ததும், இராமன் அம்பெய்து வீழ்த்தியதும் தன் வாயிற்காவலரையேயாம்! வில்லன் வில்லனல்லன், மறைந்து நின்ற தொண்டன் என்னும் கொள்கைக்கு இதனினும் பழைய, இதனினும் துணிந்த சான்று வேண்டுமோ? அத்யாத்ம இராமாயணம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. எதிரியாய் நின்று அவன் கையால் மடிந்தால் விரைவில் வீடு பெறலாமென்று இராவணனே எண்ணிப் பகை கொண்டதாக அந்நூல் பேசுகிறது.

இக்கொள்கைக்குரிய நியாயத்தை நாம் மறைக்கவில்லை. எவரையும் முற்றும் கொடியவரென்று தள்ளிவிட மனம் ஒப்பாத இரக்கம் அதில் இருக்கிறது. கதையை மேலோடு படித்துச் செல்லாமல், ஏன் இவன் இப்படிச் செய்தான் என்று துருவிக் கேட்கும் ஆர்வமும் இருக்கிறது. அந்த ஆர்வம் போற்றத்தக்கது. அது தரும் விடை கதைக்குப் பொருந்துகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டுவது.

வால்மீகியின் கதையோட்டத்தில் இவ்வாயிற்காவலர் கதை இல்லை. கம்பர் இராவணனை எவ்வாறு படைத்தார்? போரின் இறுதியில், தன் படைக்கலமெல்லாம் பயனற்றுப் போனபோது, எதிரே நிற்பவன் வேதங்கள் கூறும் முதல்வன்தானோ என்ற ஐயம் அவனுக்கு எழுகிறது. மறைந்த தொண்டனாயின் அவன் உள்ளம் களிக்க வேண்டிய இடம் அது. கம்பரின் இராவணனோ, எதிரி யாராயினும் ஆகுக, நம் ஆண்மையிலிருந்து நாம் பெயரோம் என்று மேலும் போர் செய்கிறான். இறைவனென்று தோன்றிய பின்னும் பகைவனாகவே நிற்பவன் அவன். அவனது குற்றமும் பெருமையும் அந்த ஒரே நிலையில் அடங்கிக் கிடக்கின்றன.

உடன்பிறந்தாரையும் பாருங்கள். வீடணன் அண்ணன் செய்தது தவறென்று அவையில் எடுத்துரைத்தான்; கேளாது போகவே, யாவரும் அறிய இராமன் பக்கம் சென்றான். கும்பகருணனும் தவறென்றே அண்ணன் முகத்துக்கு நேரே கூறினான். எனினும் உண்ட சோற்றுக்கு உயிர் கொடுக்கக் களம் புகுந்தான். எம்மோடு வந்துவிடு என்று களத்தில் தம்பி அழைத்தபோதும் மறுத்து மாண்டான். வீடணன் செய்தது துரோகமென்பாரும், கும்பகருணன் செய்தது பிழையென்பாரும் உளர். அவ்வழக்கு நடத்தற்குரிய வழக்கே. ஏனெனில் இருவரும் அறிந்தே தத்தம் பக்கத்தைத் தேர்ந்து, அதற்குரிய விலையைக் கொடுத்தனர். இவர்களுள் எவருடைய விசுவாசமும் மறைவானதன்று. இராவணனும் கும்பகருணனும் வைகுந்தத்திலேயே எழுதி முடிந்த நாடகத்தை நடித்தவரென்று சொல்லிவிட்டால், ஒருவனின் வீரம் வேடமாகிவிடும். மற்றவனின் நன்றி பாடம் ஒப்பித்தலாகிவிடும். வில்லனைக் காப்பாற்றப் போந்த கொள்கை காவியத்தைக் கொன்றுவிடுகிறது.

இராவணனுக்காகப் பரிந்து பேச விரும்பியவர் வேறு வழியிலும் பேசியிருக்கின்றனர். புலவர் குழந்தை 1946-இல் ‘இராவண காவியம்’ இயற்றினார். 1948-இல் சென்னை அரசு அந்நூலைத் தடை செய்தது. தடை நீங்கியது 1971-இல். அக்காவியத்தை ஏற்பாரும் மறுப்பாரும் உண்டு. ஆயினும் அது வெளிப்படையாக இராவணன் பக்கம் நிற்கிறது. உன் பகைவனும் உள்ளுக்குள் உன் அடிமையே என்று சமாதானம் கூறி, வென்றவனையும் தோற்றவனையும் ஒரே கோயிலில் அது அடைத்துவிடவில்லை.

இனி, துன்புற்றவர் பக்கம் திரும்புவோம். அசோகவனத்தில் இருந்த சீதைக்கு, தன்னைச் சிறைவைத்தவன் அந்தரங்கத்தில் தன் கணவனின் தொண்டன் என்பதால் ஒரு கண்ணீராவது குறைந்ததா? இக்கேள்வியின் கனத்தை அக்கொள்கையாளரும் உணர்ந்தனர் போலும். அத்யாத்ம இராமாயணத்தில் இராவணன் கவர்ந்தது உண்மைச் சீதையையன்று, நிழற்சீதையையே என்று சொல்லப்படுகிறது. காரணம் தெளிவு. கொடுமை செய்தவன் கொடியவனல்லன் என்று நாட்டிய பிறகு, கொடுமைக்கு ஆளானவளும் இல்லையென்று நாட்டவேண்டி வருகிறது. ஒரு பொய்யைக் காக்க இன்னொன்று!

தோட்டத்தில் வாழ்ந்த நம்மவர்க்கு இது ஏட்டுச் சங்கதி மட்டுமன்று. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்பும் முறையை நிறுத்தும் வரையில், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கட்டி வந்தவர் கங்காணியார். அவர் நம் ஊரார். நம் மொழி பேசுபவர். பல வேளை நம் உறவினரும் ஆவார். வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணித் தலைக்காசு பெற்றவரும் அவரே. துரைக்கு முன் ஒரு முகமும் லயத்தில் ஒரு முகமும் அவருக்கு இருந்தன. மனத்துக்குள் நான் உங்கள் பக்கந்தான் என்று கூறிய கங்காணிகள் எத்தனை பேர்! அவருள் மெய்யாகவே நம் பக்கம் இருந்தவரும் உண்டு. அதனைத் தொழிலாளி எவ்வாறு அறிந்தான்? காய்ச்சலில் கிடந்தவனைப் பெரட்டுக்கு இழுக்காமல் விட்டபோது அறிந்தான். கணக்கில் அவன் பேரைச் சரியாகப் பதிந்தபோது அறிந்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டுமென்ற வழக்கம் ஒழியவேண்டுமென்றும் கேட்டனர். உள்ளத்தில் உங்களை மதிக்கிறோம் என்னும் சொல்லை அவர்கள் கேட்கவில்லை. மதிப்பு சாலையிலே தெரியவேண்டுமென்றே கேட்டனர்.

மறைந்த விசுவாசம் என்னும் கொள்கையில் உள்ள ஆபத்து இதுவே. அடித்த கையை ஆராயாமல் அடித்தவனின் ஆழ்மனத்தை ஆராயச் சொல்கிறது அது. ஆழ்மனத்தை யார் கண்டார்? அதனை விளக்கும் உரிமையோ எப்போதும் வலியவனுக்கும் அவனது புராணிகனுக்குமே கிடைக்கிறது. அடிபட்டவனுக்கு எஞ்சுவது, உன்னை அடித்ததும் அருளே என்னும் உபதேசம்.

ஆசலாட்டின் வழக்கில் ஒரு வேறுபாடு உண்டு. அதனையும் சொல்லிவிடுவதே நேர்மை. அவனது இரட்டை முகத்துக்கான குறிப்புகளை ஆக்கியோனே கதைக்குள் வைத்தார். ஆதலின் அவற்றைத் தேடிக் கண்ட இளைஞர்களின் கூர்மை வீணன்று. இராவணனின் கதையிலோ பின்வந்தோர் வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டினர். எனினும் ஆசலாட்டின் உள்ளம் யார் பக்கம் என்பதை மெய்ப்பிக்கலாமேயன்றி, அவன் வதைத்த உடலின் வலியை அம்மெய்ப்பினால் துடைக்க இயலாது. முதல் இளைஞர் கண்டது கதையின் முடிச்சு. இரண்டாமவர் கேட்டதே கதையின் நீதி.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. ஆட்டமாயினும் காவியமாயினும் வில்லனின் உள்ளத்தை நன்றாகத் துருவுங்கள். துருவி முடித்தபின், அவன் முன்னே கட்டுண்டு நின்றவரிடம் சென்று, இவன் யார் பக்கம் என்று ஒருமுறை கேளுங்கள். அவர் கூறும் விடையையும் சேர்த்து எழுதினாலன்றி உங்கள் கொள்கை நிறைவு பெறாது.